இசக்கி இடுப்பில் இருக்கிற பிள்ளையைத் துணியில் எப்படிச் செய்வது?

கள்ளிக்கொம்பு:
துணியில் உருவம் செய்கிறவர்கள், தையல் தெரிந்தவர்கள், வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். நாகர்கோவில் பக்கம் இருக்கிறேன். ஆளுயர இசக்கியம்மன் சிற்பம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். மண் இல்லை, கல் இல்லை, பழைய சேலையும் தென்னங்கயிறும் கடற்கரையில் கழித்துப்போட்ட தங்கூசு (நைலான் நரம்பு) வலையும்தான். உடம்பு முக்கால்வாசி வந்துவிட்டது. பிள்ளையிடம் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நம்மூர் இசக்கியைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பில் ஒரு பிள்ளை, சில இடங்களில் வாயில் இன்னொரு பிள்ளை, பல்லுக்கு நடுவில். காலடியில் ஒருத்தன் கிடப்பான். பிள்ளையைக் கடிக்கிற அதே அம்மனிடம்தான் பிள்ளை வரம் கேட்டு முப்பந்தல் கோயிலில் தொட்டில் கட்டுகிறோம், சேலை சாத்துகிறோம்.

ஏன் இசக்கி என்றால், நானும் என்னோடு இருக்கிறவளும் இரண்டு பெண்கள். வாடகை வீட்டில் அக்கா தங்கச்சி என்று சொல்லி இருக்கிறோம், வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், கேட்டதில்லை. அவளுடைய அம்மா படுத்த படுக்கை. மகன்கள் போன் பண்ணுவார்கள், பார்ப்பது நாங்கள். இசக்கியின் கதையான நீலி கதையில் என்னைப் பிடித்து நிறுத்தினது ஒரே இடம். கள்ளிக்கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊர்ச்சபை முன்னால் வந்து நிற்கிறாளே, அந்த இடம். பெறாத பிள்ளை, கையால் ஆக்கின பிள்ளை. ஊர் அதைப் பிள்ளை என்று ஒத்துக்கொள்கிறது. எங்கள் வீட்டு உறவெல்லாம் அப்படி ஆக்கினதுதான்.

கேள்வி இரண்டு. பிள்ளையை உடம்போடு சேர்த்தே தைத்துவிடலாமா, இல்லை தனியாகச் செய்து, பார்க்க வருகிறவர்கள் எடுத்து வைத்துக்கொள்ளும்படி விடலாமா? அப்புறம், உள்ளே எதை அடைப்பது? நம்மூரில் இரண்டு மழை, போதாததற்கு உப்புக்காற்று, எதுவும் பூத்துப்போகிறது.

தக்கலை டெய்லர்:
இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரியும். இலவம்பஞ்சு வேண்டாம் அக்கா. ஒரு மழைக்காலம் போனால் உருண்டை உருண்டையாகத் திரளும், தோள் சரிந்து வயிற்றில் வந்து நிற்கும். நடுவில் தென்னங்கயிற்றை இறுக்கிச் சுற்றுங்கள். கயிறு உப்புத்தண்ணீரில் ஊறின மட்டையில் இருந்து வருகிறது, ஈரத்துக்குப் பயப்படாது. அதன் மேல் வெட்டுத்துணியை அடைத்துக்கொண்டு வாருங்கள். இரும்புக் கம்பி உள்ளே வைத்திருந்தால் இப்போதே உருவிவிடுங்கள், துரு பருத்தித் துணியில் ஏறினால் லேசில் போகாது. மூங்கில் அல்லது அலுமினியக் கம்பி.

இன்னொன்று. கை, தோள், பிள்ளையின் முதுகு மாதிரி வளைகிற இடங்களுக்குத் துணியைக் குறுக்காக, அதாவது மூலைவாக்கில் வெட்டுங்கள். ஜாக்கெட்டுக்கு கிராஸ் கட்டிங் எதற்கு வைக்கிறோம்? குறுக்கில்தான் துணி இழுபட்டு உடம்போடு உட்காரும். நேர் இழையில் வெட்டினால் மூட்டை கட்டின மாதிரி நிற்கும்.

முதல் கேள்விக்குப் பெரியவர்கள் சொல்லட்டும்.

வில்லடி வீட்டுப் பையன்:
பெரியவன் இல்லை, ஆனால் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தாத்தா காலத்தில் இருந்து வில்லடி. இசக்கி கதை ஒவ்வொரு கோயில் கொடைத் திருவிழாவுக்கும் பாடினது.

நீங்கள் கதையில் உங்களுக்கு வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறீர்கள். அந்தக் கள்ளிப்பிள்ளை பாசத்துக்கு ஆக்கினது இல்லை. போன பிறவியில் நம்பிப் பின்னால் வந்தவளை, மடியில் தலைவைத்துத் தூங்கும்போது கல்லைப் போட்டுக் கொன்று நகையைக் கொண்டுபோனான் ஒருத்தன். அவன் மறுபிறவியில் செட்டியாராக வருகிறான், இவள் விடாமல் பின்னால் வருகிறாள். ‘இவன் என் புருசன், இது எங்கள் பிள்ளை’ என்று சபையை நம்பவைக்க ஒரு சாட்சி வேண்டும், அந்தச் சாட்சிதான் பிள்ளை. அவன் கதறுகிறான், ஊர்ப்பெரியவர்கள் கேட்கவில்லை, ‘உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு’ என்று சொல்லி அவளோடு ஒரே வீட்டில் பூட்டுகிறார்கள். விடிந்தால் பிணம். வடக்கே திருவாலங்காட்டுப் பக்கம் சொல்கிற பழையனூர் நீலி கதையில் வாக்குக் கொடுத்த எழுபது வேளாளரும் தீயில் இறங்குகிறார்கள். இதில் பராமரிப்பு எங்கே இருக்கிறது? பாசக்கதையாக மாற்றுவது அவள் பல்லைப் பிடுங்குகிற வேலை.

கொடையில் இந்த இடம் பாடும்போது சாமியாடுகிற கோமரத்தாடிக்குச் சாமி வரும். பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பயத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, இடுப்பில் இருந்து பிள்ளையை எடுத்துக் கொஞ்சலாம் என்று நீங்கள் எழுதினது ஒரு மாதிரி இருக்கிறது. கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் கோபம்தான்.

சும்மா வாசகன்:
இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்கிறது, க்வியர் கிவியர் எல்லாம் வெளிநாட்டு இறக்குமதி. நம்ம சாமியை அதில் இழுக்காதீர்கள். பொம்மை செய்கிறதானால் பொம்மை செய்யுங்கள்.

முட்டம் காற்று:
இறக்குமதி பேச்சை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், நான் கயிற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

மிருணாளினி முகர்ஜியைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பரோடாவில் படித்தவர், கே.ஜி. சுப்ரமணியனின் மாணவி, 2015-ல் இறந்துபோனார். சணல் கயிற்றுக்குச் சாயம் ஏற்றி, தறி இல்லாமல், கையாலேயே முடிச்சுப் போட்டுப் போட்டு ஆளைவிடப் பெரிய உருவங்கள் செய்தார். முன்கூட்டி வரைந்துகொள்வதும் இல்லை, முடிச்சு போகிற போக்கில் உருவம் வரும். 1984-ல் செய்ததற்கு ‘யட்சி’ என்றே பெயர். அதைப் பார்த்தால் ஆணா பெண்ணா செடியா என்று சொல்ல முடியாது, மடிப்புக்குள் மடிப்பாகப் பூ விரிகிற மாதிரி இருக்கும். சாமி என்றும் சொல்லலாம், ஆனால் எந்தக் கோயில் சாமியும் இல்லை. அவர் யாருடைய கதையையும் படமாகப் போடவில்லை, அதனால் வில்லடிக்காரர் கேட்கிற கேள்வி அவரிடம் எழாது. நீங்கள் கதையோடு வருகிறீர்கள், அதனால் எழுகிறது. அது தப்பில்லை, ஆனால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தங்கூசு வலையைத் தையல் ஊசியில் தைக்காதீர்கள், இழுத்தால் துணியை அறுத்துவிடும். எங்கள் ஆட்கள் வலை பின்னுகிற ஊசியில், கண்ணிக்குக் கண்ணி முடிச்சுப் போட்டுப் பிடியுங்கள். யாராவது மீன்காரரிடம் உட்கார்ந்து பார்த்தால் ஒரு மாலையில் கை பழகிவிடும்.

நாஞ்சில் பழசு:
சும்மா வாசகன் தம்பிக்கு. இறக்குமதி என்று சொன்னீர்களே, நாகர்கோவில் லேஸ் எங்கே இருந்து வந்தது? 1819 கடைசியில் இங்கே வந்த மிஷனரி சார்லஸ் மால்ட் உடைய மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி வைத்து லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள், பின்னி விற்ற காசில் விடுதலை வாங்கினவர்கள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல், அதற்கு எவ்வளவோ முன்னால் நூலும் கட்டையும் வைத்துக்கொண்டு சில பிள்ளைகள் தாங்களே வெளியே வந்துவிட்டார்கள். அந்த இறக்குமதி இன்றைக்கு நம் ஊர்ப் பெருமை.

இந்த மாவட்டத்தில் துணி எப்போது வெறும் துணியாக இருந்தது சொல்லுங்கள். தோள்சீலைக்காக அடிபட்டது நம் பாட்டிகளின் பாட்டிகள். சந்தையில் ரவிக்கையைக் கிழித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். 1859 ஜூலையில் நாடார் பெண்கள் மார்பை மூடலாம் என்று உத்தரவு வந்தபோதுகூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று வால் வைத்துத்தான் வந்தது. இன்றைக்கும் சுசீந்திரம் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும், சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் பதியில் தலைப்பாகை கட்டிக்கொண்டு போக வேண்டும், இரண்டுக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான். யார் எதை உடுத்தலாம், யார் உடம்பு யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்கிற சண்டை இங்கே புதிது இல்லை தம்பி. இந்தப் பிள்ளை சேலையை எடுத்துச் சிற்பம் செய்தால் அந்தச் சண்டைக்குள்தான் செய்கிறாள், அவளுக்குத் தெரிந்தோ தெரியாமலோ.

ரீத்துமகள்:
நான் திருநங்கை. படித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தேன்.

இப்படி ஒரு பேச்சு வந்தால் அடுத்த பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் கணியான் கூத்தை இழுத்து வருவார். ‘பாருங்கள், மகுடம் என்கிற பறை அடிக்க ஆண்கள் பெண்வேஷம் கட்டி ஆடுகிறார்கள், நம் மரபிலேயே இருக்கிறது’ என்று. கேரளத்துச் சவறைக் கோயிலில் ஆண்கள் சேலை கட்டி விளக்கு எடுப்பதையும் சொல்வார்கள். இங்கே இன்னும் யாரும் சொல்லவில்லை, அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: கணியான் கூத்தில் ஆடுகிறவர் கூலிக்கும் சாமிக்கும் ஆடுகிறார், அது அவர் சாதிக்கு விதித்த தொழில், விடிந்ததும் வேஷம் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார், மனைவி காப்பி போட்டுத் தருகிறாள். எனக்கு விடிந்தாலும் கலைக்க எதுவும் இல்லை. அவரை எங்களுக்குச் சாட்சியாக நிறுத்துவது அவருக்கும் நல்லதில்லை, எங்களுக்கும் நல்லதில்லை. மேடையில் சேலையைக் கும்பிடுகிறவர்கள்தான் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார மாட்டார்கள்.

ஆக்கின பிள்ளை என்று அக்கா எழுதினது மட்டும் எனக்கு நன்றாகப் பிடித்தது. எங்கள் திருநங்கைகள் ஜமாத்தில் ரீத்து என்கிற சடங்கு போட்டுத்தான் மகளாக எடுப்பார்கள். நாலு பேர் முன்னால், சபையில். நீங்கள் சொல்கிற நீலி மாதிரியே சபை ஒத்துக்கொண்டால் உறவு. அப்படி என்னை எடுத்த அம்மா கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். படிவத்தில் ‘உறவு’ என்று ஒரு கட்டம். மகள் என்று எழுதினேன். கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்தார், அம்மா பெயரைப் பார்த்தார், ‘சொந்த மகளா’ என்றார். கையெழுத்துக்கு ஆள் வேண்டும் என்று, பல வருடமாக எட்டிப் பார்க்காத தம்பியைத் தேடிப்பிடித்தார்கள். வந்தார், போட்டார், போனார். கழுவித் துடைத்தது நான்.

2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பெற்றோர் பிடித்துவைத்திருந்த ஒரு பெண்ணை அவளுடைய தோழி கேட்டு வந்த வழக்கு. கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் ஆவதற்கு வழி என்று இல்லை, தானாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொன்னார்கள். 2023-ல் உச்சநீதிமன்றம் கல்யாணத்துக்கு முடியாது என்று சொல்லிவிட்ட பிறகு இது கொஞ்சம் மூச்சு விட்ட மாதிரி இருந்தது. அந்தக் கட்டம் வைத்த படிவம் மாறினதா என்றால், நான் போன இடத்தில் மாறவில்லை.

வில்லடித் தம்பிக்கு ஒன்று. பாசம் இருக்கிற இடத்தில் பல் இருக்காது என்று யார் சொன்னது?

கள்ளிக்கொம்பு:
ரீத்துமகள், உங்கள் கடைசி வரிக்கு மேல் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன், நானும் அந்த இடத்தில்தான் இருக்கிறேன்.

படுத்துக்கிடக்கிறவரைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். நைந்த பருத்திச் சேலையை நாலாக மடித்து, ஓரமும் நடுவும் ஓட்டுத்தையல் போட்டு இடுப்புக்குக் கீழே விரிப்போம். புதுத்துணி ஆகாது, கஞ்சி போட்டது ஆகவே ஆகாது. தையல் முடிச்சு மேல்பக்கம் வந்துவிடக் கூடாது, வந்தால் தோலில் அழுத்திச் சிவந்து, விட்டால் புண்ணாகும். அதனால் ஒவ்வொரு முடிச்சையும் மடிப்புக்குள்ளே தள்ளித்தான் தைக்க வேண்டும், தைத்து முடித்ததும் உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். இந்தச் சிற்பத்தில் இருக்கிற அத்தனை சேலையும் முன்பு அப்படி விரித்தவை. கொதிக்கவைத்து வெயிலில் போட்டு எடுத்தது. மேலே தெரிகிற தையலும் அதே ஓட்டுத்தையல், முடிச்செல்லாம் உள்ளே.

அந்தத் துணியை நடுராத்திரி மாற்றும்போது நான் சாந்தமாக இருப்பேன் என்று நினைக்கிறீர்களா? பல்லைக் கடித்துக்கொண்டுதான் மாற்றுவேன். ‘இவ யாரு’ என்று அம்மா என்னைப் பார்த்துத் தன் மகளிடம் கேட்பார். சில நாள் திட்டுவார். நானும் திட்டியிருக்கிறேன். இடுப்பில் ஒன்றும் வாயில் ஒன்றும் வைத்திருக்கிற சாமி எனக்குப் புரியாமல் இல்லை. வில்லடித் தம்பி, பிடுங்கத்தான் போகிறேன் என்று நீங்கள் பயப்படுகிற அந்தப் பல்லை இன்னும் பெரிதாக வைக்கத்தான் நினைக்கிறேன். சிப்பி ஓட்டில்.

வில்லடி வீட்டுப் பையன்:
சரி. நீங்கள் சொல்வது பிடிக்கிறது, ஆனால் முழுசாக ஒத்துவரவில்லை. பிள்ளையைக் கையில் கொடுக்கிறது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அது கள்ளி. அவள் கையில் இருக்கிறவரைதான் பிள்ளை, கீழே வைத்தால் முள். பார்க்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

இன்னொன்று, காலடியில் கிடக்கிறவனை நீங்கள் செய்யவே இல்லை என்று நினைக்கிறேன், எழுத்தில் ஒரு இடத்திலும் திரும்ப வரவில்லை. அவன் இல்லாமல் அவள் நிற்க மாட்டாள். நிஜமாகவே நிற்க மாட்டாள், ஆளுயரத் துணி உருவத்துக்கு அடியில் கனம் வேண்டாமா?

முட்டம் காற்று:
ஹாஹா, இது நல்ல யோசனை. அவனுக்குள்ளே மணல் மூட்டை வையுங்கள்.

பிள்ளையை எடுத்துக்கொடுக்கிற விஷயத்தில் நான் கொடுக்கச் சொல்கிற பக்கம். எய்ட்ஸில் செத்துப்போனவர்களுக்காக அமெரிக்காவில் 1987-ல் தொடங்கின ஒட்டுத்துணி விரிப்பு இருக்கிறதே, ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு ஆளைப் புதைக்கிற குழி அளவு. வீட்டார் உடலை வாங்க மறுத்தவர்களுக்கும், பெயரைச் சொல்லவே கூசினவர்களுக்கும் நண்பர்களும் காதலர்களும் உட்கார்ந்து தைத்தார்கள். ஏறக்குறைய 50,000 துண்டு சேர்ந்து 54 டன். அதை விரிப்பதற்கே ஒரு முறை உண்டு, வெள்ளை உடுத்தினவர்கள் சுற்றி நின்று மடிப்பு மடிப்பாகப் பிரித்து, தூக்கித் திருப்பித் தரையில் இறக்குவார்கள். மடித்து எடுத்து வைக்கிற வேலை இன்றைக்கும் நடக்கிறது, கிழிந்ததைத் தைக்கிற வேலையும். அதைத் தொடாமல் கண்ணாடிக்குள் வைத்திருந்தால் பாதிதான் இருந்திருக்கும். துணி தொடத்தான் இருக்கிறது.

சும்மா வாசகன்:
நான் சொன்னதுக்கு இவ்வளவு பாடமா. சரி. ஒன்றுதான் கேட்கிறேன், கோயிலில் சாத்தின சேலையை ஏலத்தில் எடுத்து இதில் வைத்திருக்கிறீர்களா இல்லையா? அப்படியானால் அது தப்புதான், எங்கள் அம்மாவும் சாத்தியிருக்கிறார்கள்.

கள்ளிக்கொம்பு:
இல்லை. ஏலச் சேலை மலிவாகக் கிடைக்கும், நிறமும் பளிச்சென்று இருக்கும், தெரியும். உங்கள் அம்மா யாருக்காக எதை வேண்டிக்கொண்டு சாத்தினார்களோ, அதை வெட்ட எனக்குக் கை வராது. அதனால்தான் எங்கள் வீட்டுத் துணி மட்டும். சாமி உருவத்துக்குப் பூசுகிற மஞ்சணை பூசவும் மாட்டேன், பூசை போடவும் மாட்டேன். கோயில் உருவம் செய்ய நான் யார்? கும்பிட வேண்டியவர்கள் கும்பிட இடம் ஏற்கெனவே இருக்கிறது.

எங்கே வைக்கப்போகிறேன் என்று சிலர் தனியாகக் கேட்டார்கள். ஒரு மண்டபத்தில் பேசி முன்பணம் வரை போனது. ‘பெண் தெய்வம், துணிக்கலை’ என்று சொன்னபோது சிரித்தார்கள், அழைப்பிதழில் எங்களைப் பற்றி ஒரு வரி எழுதினதும் அந்தத் தேதியில் கல்யாணம் புக் ஆகிவிட்டது. இப்போது ஒரு தோழியின் வீட்டுத் தென்னந்தோப்பு ஷெட்டைப் பார்த்திருக்கிறேன். ஓலைக்கூரை, பக்கவாட்டில் ஒழுகும். ஒழுகட்டும், நனைகிற துணியை இறக்கிக் காயப்போட்டுத் திரும்ப ஏற்றுவதையும் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று நினைக்கிறேன். யாராவது கூட வந்து பிழிந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

பிள்ளை விஷயத்தில் முடிவுக்கு வந்துவிட்டேன். தனியாகத்தான் செய்கிறேன். மேலே அந்த நைந்த பருத்தி, உள்ளே வெட்டுத்துணி, நடுவில் நிஜமான கள்ளிக்கொம்பு, பால் வற்றக் காயவைத்து. தூக்கினால் மெத்தென்று இருக்கும், இறுக்கிப் பிடித்தால் முள் துணியைத் தாண்டி உள்ளங்கையில் தட்டுப்படும். வில்லடித் தம்பி இதற்கு என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை.

வில்லடி வீட்டுப் பையன்:
இது பரவாயில்லை. இன்னும் உறுத்துகிறது, ஆனால் வேறு மாதிரி உறுத்துகிறது. கள்ளிப்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரிச்சல் சாதாரணமாக இருக்காது. பாட ஆள் வேண்டும் என்று கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டால் யோசிப்பேன், வருவேன் என்று சொல்லவில்லை. குடம் அடிக்கிற சித்தப்பாவிடம் முதலில் கேட்க வேண்டும்.

ரீத்துமகள்:
துணி பிழிய நான் வருகிறேன். பழைய நைலக்ஸ் சேலை ஒன்று இருக்கிறது, எங்கள் அம்மாவுடையது, பருத்தி இல்லை. வைத்துக்கொள்வீர்களா?

தக்கலை டெய்லர்:
நைலக்ஸ் ஓட்டுத்தையலில் வழுக்கும், ஆனால் வைக்கலாம். அடியில் பருத்தியை ஒட்டுக்கொடுத்து, இரட்டை நூலில், தையலை நெருக்கமாகப் போடுங்கள். முந்தி இருந்தால் வெட்டாமல் அப்படியே தோளில் விடுங்கள் அக்கா, வெட்டினால் ஓரம் பிரிந்துகொண்டே போகும்.

வெட்டுத்துணி என் கடையில் மூட்டையாகக் கிடக்கிறது, சாயங்காலம் ஆறுக்கு மேல் யார் வந்தாலும் தருகிறேன். பாலியஸ்டரும் கலந்துதான் இருக்கும், பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். கீழே கிடக்கிறவனுக்கு பாலியஸ்டரே போதும்.